உப்பு என்று எழுதிய அட்டை

சேசு மரி சூசை

தூத்துக்குடி
14-9-1948

என் அன்பு மகள் எமரென்சியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் கை கால் சுகத்தோடும், சாப்பாட்டில் ருசியோடும், பல வருஷத்துக்குப் பிறகு வயிற்றெரிச்சல் அடங்கியும் இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த இலங்கை மலைக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று பனிமய மாதாவை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயிற்றெரிச்சல் அடங்கியது என்று ஏன் எழுதினேன் என்று நீ யோசிப்பாய். பொறு, வரிசையாகச் சொல்லுகிறேன். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது, மூன்று தடவை வாசித்தேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடாதே, கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காதே. அங்கே நம் ஆட்களுக்கு ஏதோ புதுச் சட்டம் வரப்போகிறதாகத் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள், உள்ளதா இல்லையா என்று ஒரு வரி எழுது. இங்கே இன்னும் மழை இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் ஆடு நம் முருங்கையை மொட்டையடித்துவிட்டது, அவளிடம் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, நானாகப் பேசப் போவதில்லை.

உன் கடிதத்தில் நீ கேட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூச்சு விடாமல் சொல்லுகிறார்கள், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் திருதிருவென்று முழிக்கிறார்கள், என்ன செய்ய என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் நன்றாக வாசிக்கிறார்கள் என்று உனக்கு முன்னால் இருந்த வாத்தியார் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். அது வாசிப்பு இல்லை தாயே, பாட்டு. முதலில் அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டு. ஆனா ஆவன்னா என்று வரிசையாக இழுத்துக்கொண்டு போகாதே. ப, ட, ம மூன்றை மட்டும் எடு. எழுத்தின் பெயரைச் சொல்லாதே, அதன் ஓசையைச் சொல். பானா, டானா, மானாவுக்குப் புள்ளி என்று ராகம் போடுகிற பிள்ளைக்கு அதிலிருந்து படம் எப்படிக் கிடைக்கும்? ஓசையை மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல், பிறகு கொஞ்சம் சேர்த்து, பிறகு இன்னும் சேர்த்து, அவள் வாயிலேயே படம் என்று வந்து விழும்போது ஒரு முழி முழிப்பாள் பார், அந்த முழியை ஒரு தடவை பார்த்தவள் இந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக மாட்டாள். அந்த மூன்று எழுத்திலேயே பட்டம், மட்டம், மடம் என்று எத்தனை கிடைக்கிறது பார். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லைக் காட்டு, இல்லாவிட்டால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உன்னை ஏய்த்துவிடுவார்கள், ஆறு வயதுப் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசித்து முடித்ததும் சும்மா விடாதே, யார் போனார்கள், எங்கே போனார்கள், ஏன் அழுதார்கள் என்று கேள். இன்னொன்று, பலகையில் கதவைச் சாத்து என்று எழுதிவிட்டு நீ வாயை மூடிக்கொண்டு நில். எவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாளோ அவள் வாசித்தாள். மற்றவர்கள் கத்தினார்கள், அவ்வளவுதான்.

இதை எனக்கு எந்த ட்ரெயினிங் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. உன் அப்பாதான் சொல்லித் தந்தார். சிரிக்காதே, உண்மை. நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம், தோணியை நடத்துகிற தண்டலாகப் பொறுப்பு ஏற்றுக்கொண்ட புதிது, கொழும்பில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், இவர் பெருவிரலை நீட்டியிருக்கிறார், பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் வாராததுமாக எனக்கு எழுத்துச் சொல்லித் தா என்று உட்கார்ந்துவிட்டார். நானும் எனக்குத் தெரிந்த மாதிரி கானா, டானா, இல்லு, கடல் என்று தொடங்கினேன். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏளா, நா கடலுக்குப் போறவன், கானாவுக்கும் டானாவுக்கும் எவன் பாய் விரிச்சான், கடல்னு ஒரேயடியாச் சொல்லித் தொலயேன் என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அவர் தூங்கின பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்றிலிருந்து பெயரை விட்டேன், ஓசையைப் பிடித்தேன். பாய், வலை, மீன், உப்பு, மழை. ஆறே மாதத்தில் கொழும்பிலிருந்து அவர் கையால் நான்கு வரி எழுதின கடிதம் வந்தது. நாக்கில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சில், ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டைப் பருமன். அப்படியே பதினாறு வருஷம் எழுதினார். பெரிய எழுத்தை அவர் கடைசி வரை விடவில்லை, சின்னதாக எழுதினால் பொய் சொல்லுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

நாற்பத்திரண்டு கார்த்திகையில் அப்பா போன தோணி திரும்பாதது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நீ அப்போது ட்ரெயினிங் பள்ளி விடுதியில் இருந்தாய், கேள்விப்பட்டால் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்து நிற்பாய், உனக்கு என் ரத்தம். இப்போது நீயும் டீச்சர், கேட்டுக்கொள். அவர் கடிதங்கள் அறுபத்திரண்டும் பெட்டியில் இருந்தன. எடுத்து வாசிக்கவும் தைரியம் இல்லை, பூச்சிக்குக் கொடுக்கவும் மனசு இல்லை. உலகச் சண்டைக் காலம், கடைகளில் ஒரு முழம் தாள் கிடைக்காது, என் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல் அட்டை செய்ய ஒன்றும் இல்லை. ஒரு நாள் யோசித்தேன், இவர் எழுத்து பெட்டிக்குள் கிடப்பதற்குப் பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று. பழைய காலண்டர் தாளை வெட்டி, இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு கடிதத்தை மடித்து வைத்து, ஓரத்தில் மட்டும் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டினேன். நடுவில் பசை பட்டால் அந்த ஊதா எழுத்துக் கரைந்துவிடும் என்று பயம். மேலே கறுப்பு மையால் சொல் எழுதினேன். அறுபத்திரண்டு கடிதம், அறுபத்திரண்டு அட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த உயிருக்கும் சொல்லவில்லை. அந்த வருஷம் என் வகுப்பில் படித்த பிள்ளைகள் தீப்பெட்டி மேல் இருப்பதையும் வாசித்தார்கள், கல்லறை மேல் இருப்பதையும் வாசித்தார்கள்.

அதுதான் பொறுக்கவில்லை நம் தலைமையாசிரியர் தேவபிரசாதம் சாருக்கு. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் வழக்கம் உனக்குத் தெரியுமே, வராந்தாவில் நடக்கிறவர் காதில் விழுகிற சத்தத்தை வைத்துத்தான் வாத்தியார் வேலை செய்கிறாரா தூங்குகிறாரா என்று முடிவு கட்டுவார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் அட்டையைப் பார்ப்பார்கள், எழுந்து போய் எழுதியிருப்பதைச் செய்வார்கள், சத்தம் எங்கிருந்து வரும்? இந்த மகான், பள்ளிக்கூடத்து மானேஜரான பங்குச் சாமியாரிடம் போய், அந்தோணியம்மா கிளாசுல ஒரு சத்தமும் இல்ல சாமி, புருஷன் போன துக்கத்துல பிள்ளையளத் தூங்க வச்சிட்டு அவளும் தூங்குதா என்று சொன்னார். நாற்பத்துநாலு ஜூனில் என்னை முதல் வகுப்பிலிருந்து எடுத்துத் தையல் வகுப்புக்குப் போட்டார்கள், முதல் வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார். போகட்டும் என்று அட்டைகளை எடுக்கப் போனேன், அது பள்ளிக்கூடச் சாமான் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆறு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் ஆசிரியர் கண்காட்சி நடந்தது. அதில் என் அறுபத்திரண்டு அட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததாம், கீழே அவர் பெயர் இருந்ததாம். மெடல் கிடைத்தது, சர்டிபிகேட் கிடைத்தது, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் நாற்காலிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கேட்கப் போனேன். நீ செஞ்சதுக்கு என்ன சாட்சி என்றார். நான் வாயைத் திறந்து கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லா அட்டையையும் அடுப்பில் போட்டிருப்பார், அவரை எனக்குத் தெரியும். உன் படிப்பும் முடியவில்லை, என் வேலை போனால் நீ நடுவில் நிற்பாய். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். மூன்றரை வருஷம், எமரன். தினமும் காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட அந்த அறைக்குப் போவேன், அந்தச் சட்டத்தை நிமிர்ந்து பார்ப்பேன், உனக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் கூடத் தவறவில்லை, காய்ச்சல் நாளில் கூடப் போனேன்.

தையல் வகுப்புக்குக் கடைசி மணியில் முதல் வகுப்புப் பெண்பிள்ளைகள் வருவார்கள். தைக்கும்போது வாய் பேசக் கூடாது என்பது தையல் வகுப்பின் சட்டம், அதனால் ஏன் சத்தமில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஊசியில் சிவப்பு நூல் கோத்துக் கொடுத்து, துணியில் ப போடச் சொன்னேன். அடுத்த நாள் ட. ஒரு வாரத்தில் படம் என்று தைத்தார்கள், அடுத்த வாரம் அதை வாசித்தார்கள். காலையில் அவர் வகுப்பில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடிவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். சொல்ல வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. இன்னொன்றும் செய்தேன். அச்செழுத்தை மட்டும் காட்டாமல், உன் அப்பா எழுதுகிற மாதிரி பெரிய பெரிய கையெழுத்தில் எழுதிக் காட்டி அதையும் வாசிக்கப் பழக்கினேன். ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பாதி அந்தப் பிள்ளைகளுக்காக, பாதி அந்தத் தலைமையாசிரியருக்காக. நீ பாஸ் செய்து, கல்யாணமும் ஆகி, வேலையிலும் சேர்ந்துவிட்டாய் என்று உன் தந்தி வந்த அன்றைக்கு எனக்குக் கட்டு அவிழ்ந்தது.

போன மாதக் கடைசி வியாழக்கிழமை புது இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் மேஜைக்கு லேஸ் விரிப்புப் போடுவதும், கை கழுவப் பித்தளைச் செம்பும் தாம்பாளமும் வைப்பதும் தையல் டீச்சர் வேலை, அதனால் நானும் முதல் வகுப்புக்குள் நின்றேன், இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கியது. மானேஜர் சாமியாரும் வந்து உட்கார்ந்தார். நாற்பது பிள்ளைகளும் சுவர்க் காரை உதிரும்படி பாடினார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து ஒரு பையனைக் கேட்டார். அவன் முதல் வரியிலிருந்து தொடங்கினான். உம் என்றார் இன்ஸ்பெக்டர். தலைமையாசிரியர் அவசரமாக அலமாரியைத் திறந்து மெடல் அட்டைகளை எடுத்தார், சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார், கல்யாணப் பெண் மாதிரி. எப்படிச் செய்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மதுரையிலிருந்து கெட்டி அட்டை தருவித்து நானே வெட்டினேன் என்று கூசாமல் சொன்னார். இதற்குத்தானே காத்திருந்தேன். முன்னால் போனேன். அய்யா, ஒரு அட்டையின் ஓரத்தை நறுக்கிப் பாருங்கள், உள்ளே மதுரை அட்டை இருந்தால் நான் இன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், என் வீட்டுக்காரர் எழுதிய கடிதம் இருந்தால் இது யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். தலைமையாசிரியர் சிரித்தார், அவளுக்குப் புருஷன் போனதிலருந்து புத்தி பெசகிட்டு, கண்டுக்கிடாதிய என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நறுக்குங்கள் என்றார்.

அட்டையை நான் எடுக்கவில்லை. முன் வரிசையில் இருந்த என் தையல் பிள்ளை சண்முகவடிவை எடுக்கச் சொன்னேன். அவள் அப்பனும் ஆத்தாளும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், உப்பு என்று எழுதிய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் ஒவ்வொன்றாக வாசித்துத் தேடினபோதே இன்ஸ்பெக்டர் கவனித்தார். ஓரத்தை நறுக்கினேன். உள்ளே மடித்தது மடித்தபடி இருந்தது, நேற்றுத்தான் வைத்த மாதிரி. தலைமையாசிரியர் முகம் சுண்டிப் போயிற்று, ஆனாலும் வாய் அடங்கவில்லை. எங்கனயோ கெடந்த பழந்தாளு, தடிப்புக்கு நாந்தான் வச்சு ஒட்டினேன், மறந்து போச்சு என்றார். அப்படியானால் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. நான் வாசித்தால் இட்டுக்கட்டினேன் என்பார், அட்டையை எடுத்த பிள்ளையே வாசிக்கட்டும் என்றேன். அதுக்கு எப்படி வரும், பாடத்துல இல்லாதத எப்படி வாசிக்கும் என்று தலைமையாசிரியர் கேட்டார். தன் வாயாலேயே கேட்டார், எமரன். இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கே நான் மூன்றரை வருஷம் கையெழுத்துப் போட்டது தகும்.

சண்முகவடிவு விரலை வைத்து, ஒவ்வொரு ஓசையாகக் கூட்டி, வாசித்தாள். அந்தோணிக்கு. நான் சுகம். கொழும்பில் மழை. உன் கை மீன் குழம்பு இல்லாமல் நாக்குச் செத்துப் போச்சு. இந்த மாசமும் வரவில்லை என்று நீ கோபமாய் இருப்பாய். கோபம் வந்தால் உன் மூக்கு சிவக்கும். அதைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள், சாமியார் இருமினார். இன்ஸ்பெக்டர் அந்தப் பிள்ளையிடம் எழுதினது யார் என்று கேட்டார். டீச்சர் வீட்டுக்காரவுக என்றாள். யாருக்குக் கோபம் என்று கேட்டார். என்னைக் கையால் காட்டினாள். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். கொளும்புல, மழைக்குள்ள நிக்காவ என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மேலே படி என்றார் இன்ஸ்பெக்டர். எமரனிடம் சொல், நான் வந்ததும், என்று அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் பாய்ந்து தாளைப் பிடுங்கினார், பள்ளிக்கூடத்துல புருஷன் பெஞ்சாதி கடுதாசியவா வாசிக்கிறது, போதும் என்று கத்தினார். பிள்ளை விடவில்லை, நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை. தாள் குறுக்கே கிழிந்தது. மேல் பாதி அவள் கையில் நின்றது. கீழ்ப் பாதி கை கழுவ வைத்திருந்த தாம்பாளத் தண்ணீரில் விழுந்தது.

நான் கையை விட்டு எடுத்தேன். அதற்குள் தண்ணீர் முழுவதும் ஊதா. தாள் வெறும் தாள். உன் அப்பா உன்னிடம் என்ன சொல்லச் சொன்னார் என்று கேட்காதே மகளே, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதம் வந்த காலத்தில் நான் வாசித்திருப்பேன், உன்னிடம் சொல்லியும் இருப்பேன், இரண்டு வாரமாகத் தலையை உடைத்துக்கொள்கிறேன், ஞாபகம் வரவில்லை. அது வரைக்கும் எனக்கு அட்டைகள் திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு அது போதவில்லை.

சாமியார் எழுந்து நின்றார், முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்தோணியம்மா, உனக்கு என்ன வேணும்னு சொல்லு என்றார். எழுதிக் கொடுத்தால் இவர் வேலையை எடுத்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டரும் சொன்னார். வேண்டாம் என்றேன். வேலை போனால் அவர் ஊருக்குப் போய் நிம்மதியாக இருப்பார், எனக்கு அவர் இங்கேயே வேண்டும். முதல் வகுப்பை எனக்குத் திருப்பிக் கொடுங்கள், அட்டைகளைக் கொடுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் கையாலேயே பலகையில் நான் சொல்லுகிறதை எழுதட்டும் என்றேன். சாமியார் சாக்குக் கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இந்த அட்டைகளைச் செய்தவர் அந்தோணியம்மாள். நான் திருடினேன். இரண்டாவது வரியில் சாக்குக் கட்டி ஒடிந்தது. இன்னொன்று கொடுத்தேன். எழுதி முடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தபடியே நின்றார், திரும்பச் சொன்னேன். யாரும் சத்தமாக வாசிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினேன், தையல் வகுப்பில் காட்டுகிற மாதிரி. பையன்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம், அவர்களுக்கு அது வெறும் கோடு. தையலுக்கு வருகிற பதினேழு பெண்பிள்ளைகளின் கண் மட்டும் இடமிருந்து வலமாக நகர்ந்தது. முதல் வரி முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் வரி முடிந்ததும் ஒவ்வொரு தலையாக அவர் பக்கம் திரும்பியது. ஒரு சத்தமும் இல்லை. இன்ஸ்பெக்டர் அந்தத் தலைகளை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். சத்தமில்லாத வகுப்பில் என்ன நடக்கிறது என்று நம் தலைமையாசிரியருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது முதல் வகுப்பு என்னிடம். பையன்களுக்கு ப, ட, ம முடிந்து க வந்திருக்கிறது. சர்டிபிகேட்டை இறக்கிவிட்டார்கள், ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், அது இருக்கிறது. அவர் அறைக்குப் போக வேண்டுமானால் என் வகுப்பைக் கடந்துதான் போக வேண்டும், என் வகுப்பில் சத்தம் கேட்காது, அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும், என் வாசலுக்கு வந்ததும் அது வேகம் பிடிக்கும். ரிட்டையர் ஆக அவருக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, நான் அவசரப்படவில்லை. அவர் சம்சாரம் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து அழுதாள். அந்த அம்மாள் என்ன செய்வாள், உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன், பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் என் கோபத்தைச் சொன்னபோது சாமியார் மன்னித்துவிடு என்றார். சாமி, அந்தக் கீழ்ப் பாதியை அவர் கொண்டு வந்து தரட்டும், மன்னிக்கிறேன் என்றேன். செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னார். சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு மணிக்கும் அந்த ஊதாத் தண்ணீர்தான் வருகிறது. போதும்மா என்று நீ எழுதுவாய், தெரியும். உன் அப்பா இருந்தாலும் என் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடு ஏளா என்றுதான் சொல்லியிருப்பார். அவர் இல்லையே.

அட்டைகள் அறுபத்தொன்றையும் உனக்கு அனுப்புகிறேன். என் பிள்ளைகளுக்குப் புதிதாகச் செய்துவிட்டேன், கடையில் தாள் கிடைக்கிறது இப்போது. என் தம்பி மகன் கிளாட்வின் வருகிற வாரம் தோணியில் கொழும்புக்கு வாரான், அங்கிருந்து ரயிலில் உன் வீடு வரைக்கும் வந்து கையில் கொடுப்பான். மெழுகுத் துணியில் மூன்று சுற்றுச் சுற்றித் தைத்திருக்கிறேன். அவர் எழுத்தை மறுபடியும் கடலில் அனுப்ப எனக்கு மனசே இல்லை, ஆனால் வேறு வழி எது? கூடவே மாசிக் கருவாடும், மாப்பிள்ளைக்கு ஒரு டின் மக்ரூனும் இருக்கிறது, கிளாட்வின் வழியில் தின்றுவிடாமல் இருக்க எண்ணிக்கையைத் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

அட்டைகளைப் பூட்டி வைக்காதே, பிள்ளைகள் கையில் கொடு, அழுக்காகட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துப் பார்த்துவிடாதே. உன் பெயர் இல்லாத கடிதம் அவர் எழுதினதே இல்லை, அவசரம் வேண்டாம். உன் வகுப்பில் எந்தப் பிள்ளை முதன்முதலாக யார் துணையும் இல்லாமல் தானாக வாசிக்கிறதோ, அன்றைக்கு ஒரே ஒரு அட்டையை எடுத்து ஓரத்தை நறுக்கு. அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல். தட்டுத் தடுமாறினாலும் நீ எடுத்துக் கொடுக்காதே, யாரையும் பக்கத்தில் விடாதே, கடைசிச் சொல் வரைக்கும் அதுவே வாசித்து முடிக்கட்டும். முடித்ததும் எழுதினது யார், யாரிடம் சொல்லச் சொன்னார், என்ன சொல்லச் சொன்னார் என்று கேள். அது உன்னைக் கையால் காட்டும். அதை அப்படியே எனக்கு எழுது, ஒரு சொல் விடாமல் எழுது.

சேசுநாதரும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் காப்பார்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். ஞாயிறு பூசையை விடாதே. அது மழை பெய்கிற ஊர், பார்சலை வாங்கினதும் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து வை, தண்ணீர் படக் கூடாது.

இப்படிக்கு உன் அம்மா,
அந்தோணியம்மாள்
முதல் வகுப்பு டீச்சர்